பீடத்துக்கு வெள்ளை அடித்தல்

1

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கணப்பு இருக்கிறது. எரியாத கணப்பு.

சிட்னியில், நாங்கள் இருக்கிற லிட்கம் பகுதியின் பழைய செங்கல் வீடுகளில் இப்படி ஒன்று நடுச்சுவரில் இருக்கும். ஒரு காலத்தில் விறகு எரித்திருப்பார்கள். இப்போது புகைபோக்கியை மேலே சீமெந்தால் அடைத்துவிட்டார்கள். காற்றடிக்கிற நாட்களில் உள்ளே ஏதோ ஏறிப் பார்த்து, வழியில்லாமல் திரும்பி இறங்குகிற சத்தம் கேட்கும். கணப்பின் இரண்டு பக்கமும் மரத்தூண். மேலே, நெஞ்சளவு உயரத்தில், கடும் மண்ணிற வார்னிஷ் பூசிய பலகைத் தட்டு. இந்தச் சட்டகம் முழுவதற்கும் ஆங்கிலத்தில் மான்ரல் என்று பெயர். தமிழில் எனக்குத் தெரிந்து பெயரில்லை. நெருப்பை வீட்டுக்குள் வரவேற்று, அதற்கு மரத்தால் ஒரு வாசலும் செய்து வைக்கவேண்டிய தேவை எங்கள் வெயிலுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பெயரில்லாத அந்தப் பொருளுக்கு என் மனைவி ஜசிந்தா, வாடகைக்கு வந்த அன்றே பெயர் வைத்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்தவள், கையிலிருந்த சட்டிப் பெட்டியை இறக்காமலே சொன்னாள்.

“பீடம் இருக்கு.”

மன்னாரில் கோயிலுக்குள் போனால் கண் முதலில் போய் நிற்கிற இடம் பீடம். குருவானவர் பூசை வைக்கிற இடம். அதற்கும் தூண், தட்டு, மேலே மாதா. பிறந்ததிலிருந்து பீடத்தைப் பார்த்தவளுக்கு இது வேறெதுவாகவும் தெரியவில்லை. நானும் திருத்தவில்லை. அன்று பின்னேரமே மாதா சொரூபம் மேலேறியது. வாடகை வீட்டுக்காரரின் குளிர்காயும் அடுப்பு எங்களுக்குப் பீடம் ஆனது.

மகள் ஸ்ரெபானி சின்ன வகுப்பில் வீட்டைப் படமாகக் கீறி, ஹோலின் நடுவில் “ஓல்டர்” என்று, பீடத்தின் ஆங்கிலப் பெயரை, எழுதிக் கொடுத்தாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் எந்த மாதிரியான வழிபாடு நடக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். அது பீடமில்லை, நெருப்பு எரிக்கிற இடம் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவருக்குப் பயம் இன்னும் கூடியது.

இந்தப் பீடத்துக்குப் பெயின்ற் அடித்ததைத்தான் எழுத வந்தேன். ஒரு தட்டுக்கும் இரண்டு தூணுக்கும் வெள்ளை பூசியதில் எழுத என்ன இருக்கிறது என்று அங்கே இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் இங்கே எப்படி இருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

எங்களிடம் இருப்பது இடைக்கால விசா. அதன் ஆங்கிலப் பெயருக்குள் ஒரு பாலம் இருக்கிறது. பாலம் என்றால் இரண்டு கரை வேண்டும். நாங்கள் பாலத்தின் நடுவிலேயே சட்டி பானை வைத்து, உடுப்புக் காயப்போட்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்று வயதில் எங்கள் கையைப் பிடித்து வந்தவளுக்கு இப்போது பதினாறு. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கிறது. இருட்டுமுன் போய்விடலாம் என்று நினைக்கிறவர் யாரும் பாலத்தில் கதிரை போடுவதில்லை. நாங்கள் சோபாவே வாங்கிவிட்டோம்.

வேலை செய்யலாம். வரி கட்டலாம். நான் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற சலவைத் தொழிற்சாலையில் விரிப்பு மடிக்கிறேன். யாரோ பிறந்த, யாரோ கடைசியாகப் படுத்த விரிப்புகள், எல்லாம் ஒரே வெள்ளையாக, ஒரே சூட்டோடு என் கைக்கு வரும். ஜசிந்தாவுக்கு வயோதிபர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை. ஒன்று மட்டும் முடியாது. நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வர முடியாது.

அதை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. தகப்பனாருக்கு வருத்தம் கடுமை, போய்ப் பார்க்க ஏதும் வழியுண்டா என்று ஒருமுறை கேட்டேன். “நீங்கள் எந்த நேரமும் புறப்படச் சுதந்திரம் உள்ளவர்” என்றார் அதிகாரி. முகத்தில் உண்மையான கனிவு இருந்தது. கதவு வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும், அதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். திரும்பி ரயிலில் வரும்போது அந்தச் சுதந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரும்பு மாதிரிக் கனத்தது.

நான் போக முடியாததற்குக் காரணம் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதவேண்டிய இடத்தில் எழுதினேன், நம்பவில்லை. நீங்கள் நம்பி இனி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஜசிந்தாவுக்கு அந்தக் காரணம் இல்லை. அவள் போகலாம். போனால் எங்களிடம் திரும்பி வர முடியாது. அவ்வளவுதான்.

3

யூட், ஜசிந்தாவின் தம்பி. தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். சின்னதில் அவன் இவளை “அம்மக்கா” என்று கூப்பிடுவானாம். பெரியவனாகி மீசை வைத்து, வள்ளமும் வாங்கிய பிறகும் போனில் அப்படித்தான் கூப்பிட்டான். போன வருடம், மழை தொடங்குகிற மாதத்தில், சிறுநீரகம் பழுதாகி மன்னார் ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போனது.

அடக்கத்தைப் போனில் பார்த்தோம். அங்கே ஒரு மச்சான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தோடு நடந்தான். இங்கே நாங்கள் போனைப் பீடத்தில் மாதாவின் காலடியில் சாய்த்து வைத்து, மூவரும் கோயிலில் நிற்பதுபோல வரிசையாக நின்றோம். பாட்டு வந்தது. குருவானவரின் குரல் வந்தது. சேமக்காலையில், குழிக்கு மேலே பெட்டியைக் கயிற்றில் பிடித்து இறக்கத் தொடங்கிய இடத்தில் படம் உறைந்துவிட்டது. பெட்டி பாதிக் குழியில். நான்கு பேர் கயிறும் கையுமாகக் குனிந்தபடி. ஒருவனுடைய வாய் திறந்தபடி.

“திருப்பி எடுங்கோப்பா. திருப்பி எடுங்கோ” என்று ஜசிந்தா சொல்லிக்கொண்டேயிருந்தாள். மறுபடி கோல் கிடைத்தபோது குழி மூடி, மேலே பூ வைத்துவிட்டார்கள். அவள் வலது கையைப் பொத்தியபடி நின்றாள். குழிக்குள் பிடி மண் போடுவதற்குப் பொத்திய கை. அன்று முழுக்க அந்தக் கையை அவள் விரித்து நான் காணவில்லை.

எங்கள் பக்கத்தில் மனிதர் செத்துப்போனார் என்று சொல்வதில்லை. மோசம் போயிட்டார் என்போம். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த விடிய நான் ஸ்ரெபியிடம் அப்படித்தான் சொன்னேன். “யூட் மாமா மோசம் போயிட்டார் பிள்ளை.” அவள் பாடசாலைப் பையைத் தோளில் மாட்டியபடி நின்று, “மோசமாப் போயிட்டாரா? வொய்? என்ன செய்தவர்?” என்று கேட்டாள். நல்ல மனிதர் திடீரென்று கெட்டவராகிவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். ஜசிந்தா குசினிக்குள் நின்றாள். அன்றும் அதற்குப் பிறகும் அந்த வசனத்தை அவள் வாயால் நான் கேட்கவில்லை. சொல்லவேண்டி வந்தால் “யூட்டின்ர அலுவல்” என்பாள். ஏதோ அரசாங்கக் கச்சேரியில் இழுபடுகிற விசயம் மாதிரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாவு நடந்த வீட்டுக்கு அந்த வருடம் வெள்ளை அடிப்பதில்லை. கிறிஸ்மஸ் நெருங்க எங்கள் தெருக்களில் சுண்ணாம்பு மணக்கும். மணக்காத ஒரு சுவரைக் கண்டால், உள்ளே ஓராள் குறைவென்று வழியால் போகிறவரும் விளங்கிக்கொள்வார். வருடப் பூசை முடிந்தால்தான் துக்கம் இறங்கும், சுவருக்கு வெள்ளை ஏறும். யூட்டின் வருடப் பூசை அங்கேயும் இங்கேயும் முடிந்துவிட்டது. ஜசிந்தா துக்கத்தை இறக்கவில்லை. கறுப்புச் சட்டையை மாற்றவில்லை.

“போனில பாத்ததெல்லாம் கணக்கில்லை” என்றாள். “எனக்கு அவன் இன்னும் கயித்திலதான் தொங்குறான்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய அவள் வீட்டுக்கு வருவதில்லை. லிட்கம் ரயில் நிலையத்துக்கு மறுபக்கம் ருக்வுட் சேமக்காலை இருக்கிறது. ஒரு ஊரளவு பெரிது, தெருக்களுக்குப் பெயரும் உண்டு. அதற்குள் யாரும் கவனிக்காத ஒரு கல்லறையைப் பிடித்து வைத்திருக்கிறாள். பேரெழுத்து உதிர்ந்துபோன யாரோ ஒரு வெள்ளைக்காரர். புல்லுப் பிடுங்கி, கல்லைத் தேய்த்துக் கழுவி, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். ஒருமுறை நானும் போய் நின்றேன். “ஆரெண்டு தெரியாத மனுசனுக்கு ஏன் ஜசி?” என்றேன். “அங்க எங்கட ஆளுக்கு ஆர் செய்யினமெண்டு எனக்குத் தெரியுமே? இஞ்ச நான் செய்தா அங்க ஒருத்தர் செய்வினம்” என்றாள். நானும் குனிந்து அந்தப் பண்டமாற்றுக்குப் புல்லுப் பிடுங்கினேன்.

போன வியாழக்கிழமை சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“திங்கக்கிழமை விசா ஓபிசர் கோல் எடுப்பா. நான் போறனெண்டு சொல்லப்போறன்.”

“எங்க?”

“எங்கயெண்டு தெரியாதே உங்களுக்கு?”

“போனா வர ஏலாது ஜசி.”

“தெரியும்.”

“பிள்ளை?”

“பிள்ளைக்கு நீங்கள் இருக்கிறியள். அவனுக்கு நான்தானே இருந்தனான்.” கரண்டியைச் சட்டியில் வைத்தாள். “அவனுக்கு ஒரு பிடி மண் போடோணும். போட்டா எனக்கு மூச்சு வரும். பிறகு நடக்கிறது நடக்கட்டும்.”

ஸ்ரெபியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. காதில் பாட்டு மாட்டியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

4

சனிக்கிழமை எனக்கு விடிய வேலை. பகல் திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஒரு மணம். பீடத்தின் கீழே என் பழைய பெட்சீற் விரித்திருந்தது. சுவரோரமாக, பெயின்ற் படாமல், நீல ரேப் ஒட்டியிருந்தது. மாதா சோபாவில் குஷன் வைத்து இருத்தப்பட்டிருந்தார். பக்கத்தில் யூட்டின் படம், அவனும் ரிவி பார்க்கிற மாதிரி. இடது தூணும் தட்டின் பாதியும் வெள்ளை. ஸ்ரெபி தூரிகையும் கையுமாக முழங்காலில் நின்றாள். மூக்கிலும் வெள்ளை.

“டோன்ற் லுக், டாட். முடியேல்ல.”

“என்ன பிள்ளை இது?”

“சர்ப்ரைஸ். அம்மாவுக்கு.”

அவள் போனில் பார்த்த ஒரு வீடியோவைப் பற்றி ஆங்கிலத்தில் மளமளவென்று சொன்னாள். கணப்புச் சட்டகத்துக்கு மட்டும் வெள்ளை அடித்தால் முழு ஹோலும் புதிதாகிவிடுமாம், பெரிய செலவும் இல்லையாம். வார்னிஷை அரத்தாளால் தேய்க்கவேண்டும் என்பதையும் பார்த்திருக்கிறாள். தேய்த்தும் இருக்கிறாள், பெட்சீற் முழுக்க மண்ணிறத் தூள். கடையில் வெள்ளைக்கே நூறு பெயர் இருந்ததாம். முத்து வெள்ளை, பால் வெள்ளை, பழைய வெள்ளை. அவள் பழைய வெள்ளையை எடுத்திருக்கிறாள். அம்மாவுக்குப் பழையதுதானே விருப்பம் என்றாள்.

நான் நின்றேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க வெள்ளையைத் தொட்டு வருகிறவன்தான். இந்த வெள்ளையைத் தொட மனம் வரவில்லை. வாடகை வீடு, கேட்காமல் ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது, ஏஜென்ற் வந்தால் பழைய நிறத்துக்கே மாற்றச் சொல்வார். அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. முதலில் வந்தது ஜசிந்தாவின் முகம். வேலையால் வந்து கதவைத் திறப்பாள். பீடத்துக்கு வெள்ளை அடித்திருக்கும். அவள் இறக்காத துக்கத்தை அவளைக் கேளாமல் நாங்கள் இறக்கி, தம்பியைத் தூக்கிச் சோபாவில் வைத்துவிட்டோம் என்றுதான் அவள் வாசிப்பாள். வேறெப்படியும் வாசிக்க அவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமைவரை யோசிக்க இருந்த கொஞ்ச இடமும் இதோடு போய்விடும்.

“பிள்ளை, சாவு நடந்த வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறேல்லை” என்றேன்.

“என்ன?”

சொன்னேன். மன்னார், கிறிஸ்மஸ், சுண்ணாம்பு, வருடப் பூசை. பாதி தமிழிலும் பாதி என் உடைந்த ஆங்கிலத்திலும். அவள் தூரிகையை இறக்கவில்லை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கணப்புக்குள் விழுந்தது.

“அது ஒரு வருசத்துக்குத்தானே? வருசம் முடிஞ்சுது.”

“அம்மாவுக்கு முடியேல்லை.”

“ஹவ் ஆம் ஐ சப்போஸ்ட் டு நோ, டாட்? நீங்க ஒண்டும் சொல்றேல்ல. பிழை செய்தாப் பிறகுதான் ரூல்ஸ் சொல்றது.”

துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைக்கத் தொடங்கினேன். தூணில் அது ஏற்கெனவே பிடித்துவிட்டது. தட்டில் ஈரமாக இருந்த இடத்தில் வெள்ளை இழுபட்டு, மண்ணிறத்தோடு கலந்து, சீக்கு வந்த மாட்டின் தோல்மாதிரி ஆனது. ஸ்ரெபி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லா இருந்தத நாசமாக்கிட்டிங்க” என்றாள், தமிழில்.

பிறகு பொத்தென்று பெட்சீற்றில் இருந்தாள். நான் துடைத்துக்கொண்டேயிருந்தேன். என்னைப் பாராமல், கணப்பின் கறுத்த வாயைப் பார்த்தபடி கேட்டாள்.

“இந்த வீடு வடிவா இருந்தா அம்மா போகமாட்டா. இல்லையா?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வியாழக்கிழமை காதில் பாட்டு இருந்திருக்கவில்லை.

5

ஜசிந்தா வரும்போது நாங்கள் இருவரும் தரையில் இருந்தோம். அவள் வேலைச் சட்டையோடு வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றி, மற்றதைக் கழற்றாமல் நின்றாள். பார்வை பீடத்துக்குப் போனது. பிறகு சோபாவுக்கு. யூட் அங்கே குஷனில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆர் அடிக்கச் சொன்னது?”

குரல் உயரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

“பிள்ளைக்குத் தெரியாது ஜசி, அது வந்து—”

“நான் உங்களைக் கேக்கேல்லை.”

ஸ்ரெபி எழும்பினாள். வீட்டில் அவளோடு நாங்கள் தமிழில் கதைப்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பல வருடமாக அதுதான் வழக்கம். தமிழ் வந்தால் துண்டு துண்டாக வரும், முட்டுப்பட்டு நிற்கும். அன்று அவள் ஆங்கிலத்தை எடுக்கவே இல்லை.

“நான்தான் அடிச்சது. அப்பா சொல்லேல்ல.” மூச்சை இழுத்தாள். “அம்மா, யூட் மாமா செத்திட்டார். இங்க இருந்தாலும் செத்திட்டார். நீங்க அங்க போனாலும் செத்திட்டார். நான் இன்னும் சாகேல்லத்தானே?”

நான் கண்ணை மூடினேன். இந்த வீட்டில் அந்தச் சொல் ஒருநாளும் நடமாடியதில்லை. நாங்கள் எல்லோரும் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு சுற்றி வந்த பலாப்பழத்தை அவள் நடுவால் வெட்டி வைத்துவிட்டாள். அது அவளுடைய துணிச்சல் இல்லை. வேறு சொல் அவளிடம் இருக்கவில்லை. புத்தகத் தமிழில் படித்த ஒரே ஒரு வினைச்சொல்.

ஜசிந்தா ஒற்றைச் செருப்போடு ஹோலுக்குள் வந்தாள். அறையப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“செத்திட்டார் எண்டு சொல்லுறேல்லை” என்றாள். “நாய் சாகும். பூனை சாகும். மாமாவை அப்பிடிச் சொல்லக்கூடாது.”

சின்ன வயதிலிருந்து ஸ்ரெபியின் தமிழ் எங்கே பிழைத்தாலும் ஜசிந்தா விடுவதில்லை. கை வேலையில் இருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. அது அவளுடைய மூச்சு மாதிரி, அவளைக் கேட்டு நடப்பதில்லை.

“அப்ப எப்பிடிச் சொல்றது?”

ஸ்ரெபி எகத்தாளமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். கண்ணால் தண்ணீர் வழிய, மூக்கில் வெள்ளையோடு, ஒரு சொல்லைக் கேட்டு நின்றாள்.

“மோசம் போயிட்டார் எண்டு.”

“அது பேட் ஆயிட்டார் எண்டெல்லோ நான் நினைச்சனான். முழுசாச் சொல்லுங்கோ.”

“யூட் மாமா...” ஜசிந்தா நிறுத்தினாள். பிள்ளைக்கு வசனத்தை முழுதாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதுதான் அவளே வைத்த சட்டம். “யூட் மாமா மோசம் போயிட்டார்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. பிறகு இன்னொருமுறை, எங்கள் யாருக்கும் இல்லாமல், “மோசம் போயிட்டான்” என்றாள். மாமா போய், தம்பி வந்திருந்தான் அந்த வசனத்தில். நின்ற இடத்திலேயே கீழே இருந்தாள். இருந்த இடம் பெயின்ற் ரின்னின் மூடி.

“அம்மா, பெயின்ற்” என்றாள் ஸ்ரெபி.

ஜசிந்தாவுக்குக் கேட்கவில்லை. வருடமும் கடந்து வந்த அழுகை அது. அதைச் சத்தமாக எழுத எனக்கு மொழி போதாது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்டார். நான் வெளியே போய், “ஃபமிலி பெயின்றிங்” என்றேன். வேறென்ன சொல்ல. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

6

ஞாயிறு பூசை முடிய அவள் ருக்வுட்டுக்குப் போகவில்லை. எங்களோடு வீட்டுக்கு வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பீடத்தின் முன் நின்று, அங்கும் இங்கும் சரிந்து பார்த்தாள்.

“இதென்ன அடி. கோடு கோடா.”

“அப்பா துடைச்சவர்” என்றாள் ஸ்ரெபி.

“கொப்பருக்குத் துணி மடிக்கத்தான் தெரியும். இப்பிடியே விட்டா ஊர் சிரிக்கும்.”

“இஞ்ச எங்க ஊர்?” என்றேன்.

“நாங்கள் மூண்டு பேர் இருக்கிறம்தானே.”

பழைய பாவாடை ஒன்றைச் செருகிக்கொண்டு தூரிகையை வாங்கினாள். இழுத்து அடித்தாள், ஒரே பக்கமாக, கை தூக்காமல். ஸ்ரெபிக்கு இரண்டுதரம் காட்டினாள்: நுனியை மட்டும் நனை, ரின் விளிம்பில் வழி, பிறகு அடி. கறுப்புச் சட்டையில் வெள்ளை தெறித்தது. அதை அவள் துடைக்கவில்லை. நான் சோபாவில் யூட்டுக்கும் மாதாவுக்கும் நடுவில் இருந்து பார்த்தேன். வேலைக்காக இல்லாமல், இந்த வீட்டுக்காக அவள் எதையாவது கையில் எடுப்பதைக் கண்டு எவ்வளவு காலம்.

“ஜசி, நாளைக்கு அந்தக் கோல்...”

“அடிக்கிற நேரம் கதைக்காதேங்கோ. கை ஆடும்.”

திங்கட்கிழமை கோல் வந்தது. நான் லீவு போட்டிருந்தேன். ஜசிந்தா போனை ஸ்பீக்கரில் போட்டு, கையில் பிடித்தபடி பீடத்தடியில் நின்றாள். ஓபிசரின் குரல் நல்ல குரல், தாதி மாதிரி. புறப்படுவது பற்றி யோசித்தீர்களா, முடிவு எடுத்துவிட்டீர்களா, டிக்கெற் ஒழுங்குகளை நாங்கள் செய்து தரலாம் என்றார். ஜசிந்தா மற்றக் கையின் விரலால் தட்டைத் தொட்டாள். விரல் நுனி வெள்ளையாக வந்தது. ஞாயிறு தடிப்பாக அடித்த மூலை, இன்னும் பிடித்திருக்கவில்லை.

“வெட் பெயின்ற்” என்றாள்.

மறுபக்கம் விளங்கவில்லை. மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள் என்று கேட்டது.

“பெயின்ற் வெட். ஹவுஸ் பெயின்றிங். கிறிஸ்மஸ். யூ கோல் லேற்றர்.”

எப்போது எடுக்கட்டும் என்று கேட்டார் ஓபிசர், பொறுமையாக.

“ட்ரை ஆனாப் பிறகு” என்றாள் ஜசிந்தா, மொழி மாறியது தெரியாமல். பிறகு யோசித்து, “ஃபிறைடே” என்றாள். போனை வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. “பாதி வேலையில விட்டுட்டுப் போக ஏலாது. காயட்டும். காய்ஞ்சாப் பிறகு சொல்லுறன்” என்றுவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டாள்.

அவள் போன பிறகு ரின்னைத் திருப்பி வாசித்தேன். பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும் என்று எழுதியிருந்தது. இந்த நாட்டில் எழுதியிருந்தால் அப்படியே நடக்கும். போவதற்கு வழியில்லாத நான் ஜசிந்தாவுக்கு ஒரு கதவைப் பூட்டுகிறேனா, திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டு நின்றால் காய்ந்துவிடும். ரின்னின் அடியில் கொஞ்சம் இருந்தது. மூன்றாம் பூச்சு தேவையில்லை, பீடம் அவ்வளவு வடிவாக இருந்தது. தூரிகையை நனைத்து, ரின் விளிம்பில் வழித்து, ஒரே பக்கமாக இழுத்தேன்.

செவ்வாயும் அடித்தேன். புதன் வேலையால் வரும்போது புது ரின் ஒன்று வாங்கி வந்தேன்.

இன்று வியாழன். ஸ்ரெபி பாடசாலையால் வந்து, வாசலில் நின்று மணந்தாள். என்னைப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள், காற்று வராதபடி. பின்னேரம் ஜசிந்தா வந்தாள். செருப்பைக் கழற்றினாள், இரண்டையும். நேரே வந்து ஒரு விரலால் தட்டைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள், நகக்கண்களைப் பார்த்தாள்.

“இன்னும் காயேல்லை” என்றாள்.